ஈஸிசேர் சைக்கிளில் அம்மா வீட்டுக்கு!

பல வருடங்களாக இந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இது என்ன வண்டி? எங்கே வாங்கினீங்க? என்ன விலை?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வயது 56. என்னவர் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், வேலைக்குப் போகிறான். என் அம்மாவுக்கு 83 வயது. முதலியார்பேட்டையில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி பிரான்சில் இருக்கிறான். (எங்க ஊரில் இது சகஜம், தெருவுக்குத் தெரு ஒரு பிரான்சு சொந்தம் இருக்கும்.) "என்னோட வந்து இருங்கம்மா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாகிவிட்டது. "என் வாசப்படியை விட்டு நான் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அதனால் தினமும் காலை பதினொரு மணிக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். சுமார் நாலு கிலோமீட்டர். பள்ளிக்கூட நாளில் இருந்து ஓட்டிய சைக்கிள்தான் துணை. எங்கள் ஊர் சமதளம். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுப் பக்கம் ஏறினால்தான் மூச்சு வாங்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் காதுக்குள் இருக்கும் நரம்பில் கிருமி தாக்கியது. பத்து நாள் தலையைத் தூக்க முடியவில்லை, வீடே சுற்றியது. சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் பாலன்ஸ் முழுசாகத் திரும்பவில்லை. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கலாம். ஒற்றைக் காலில் நின்று புடவை கட்ட முடியாது. இது தெரியாமல் பழையபடி சைக்கிளை எடுத்தேன். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஆட்டோவுக்கு ஒதுங்கும்போது கவிழ்ந்தேன். தக்காளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதோடு மகன் சைக்கிளை விற்றுவிட்டான். என்னைக் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் எல்லாமே ஆட்டோ. போக 120, வர 120. மாதத்துக்கு 25 நாள் என்றாலும் 6,000 ரூபாய். பென்ஷனில் அது சின்னத் தொகையா? கணக்கு எழுதுகிற மனிதர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், அது போதாதா? நானே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தேன். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாளுக்குப் பக்கத்து மெஸ்ஸில் சொல்லி வைத்தோம். ஒருநாள் போனபோது முந்தின நாள் சாப்பாடு பிரிக்காமலே இருந்தது. "ஏம்மா சாப்பிடலை?" என்றேன். "தனியா உக்காந்து என்னத்த சாப்பிடுறது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பிதான் போனில் சொன்னான். "அக்கா, இங்கே வயசானவங்க மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு ஓட்டறாங்க. சாஞ்சு உக்காந்து, காலை முன்னாடி நீட்டி மிதிக்கணும். விழவே விழாது." கையோடு படமும் அனுப்பினான். ரிகம்பென்ட் ட்ரைக் என்று பெயராம். பார்த்தால் எங்கள் தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஈஸிசேர் சைக்கிள் என்றே பெயர்.

தம்பி சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரான்சில் ஷார்ல் மொஷே என்று ஒரு வண்டி செய்கிறவர். அவர் பிள்ளை சைக்கிள் கேட்டானாம். அம்மாக்காரி, "இரண்டு சக்கரம் ஆபத்து, கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டாளாம். சரி என்று பிள்ளைக்கு நாலு சக்கரத்தில் மிதிக்கிற வண்டி ஒன்று செய்து கொடுத்தார். அது மற்ற சைக்கிளை எல்லாம் முந்திக்கொண்டு போனது. அதிலிருந்து வெலோகார் என்று பெரியவர்களுக்கான மிதி வண்டி வந்தது. பின்னாலேயே அதே மாதிரி சாய்ந்து மிதிக்கும் இரண்டு சக்கர வண்டியும் செய்தார். 1933 ஜூலையில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் அதை ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் போய், ஏறக்குறைய இருபது வருடப் பழைய சாதனையை முறியடித்தார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம், "சாய்ந்து மிதிப்பதெல்லாம் சைக்கிள் கணக்கில் வராது" என்று பந்தயத்தில் இருந்து ஒதுக்கிவிட்டது. ஒரு அம்மாவின் பயத்தில் பிறந்த வண்டி அது. என் வீட்டில் பிள்ளையின் பயத்தால் சைக்கிள் போச்சு, எனக்கு இந்த வண்டி வந்தது!

புதிதாக வாங்குவது நம்மால் ஆகாது. இங்கிலாந்தின் ஐ.சி.இ., அமெரிக்காவின் கேட்ரைக், ஜெர்மனியின் எச்.பி. வெலோடெக்னிக் என்று பெயர் பெற்ற கம்பெனிகள் உண்டு. எல்லாம் லட்சக் கணக்கில். ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு வசதி. ஆரோவில் பக்கமும் டவுனிலும் வெளிநாட்டுக்காரர்கள் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தேன்.

வீட்டில் சொன்னதும் மகன் குதித்தான். "அம்மா, ரோட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. வேணும்னா பக்கத்துல குட்டிச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் வாங்கித் தரேன்." எனக்கு மோட்டார் வண்டியே ஓட்டத் தெரியாது. அதற்குப் பதிவு, லைசென்ஸ் என்று அலைய வேண்டும். மிதிக்கிற சைக்கிளுக்கு அது எதுவும் வேண்டாம். என்னவர் சொன்னது வேறு: "மூணு சக்கரம்னா உனக்குக் கால் வராதுன்னு நினைப்பாங்க." கான்பூரில் உள்ள மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் செய்கிற, கையால் சுற்றி ஓட்டும் வண்டியைத்தான் அவர் நினைத்தார். நினைத்தால் நினைக்கட்டுமே, அந்த வண்டியில் போகிறவர்கள் என்ன குறைந்து போய்விட்டார்கள்?

என் நாத்தனார் புதுக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் கலெக்டர் இருந்த சமயம். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பார் இருந்தால் குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று அதையே கேட்டவர்களும் உண்டு. அவர்களையும் பார்த்துச் சிரித்தார்கள்தான். நாத்தனாரைப் போன் போட்டு அண்ணனிடம் பேசச் சொன்னேன். அப்புறம் இவர் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் பார்த்தது லாஸ்பேட்டையில், 35,000 ரூபாய்க்கு ஒன்று. யாரோ பட்டறையில் பற்ற வைத்துச் செய்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு சக்கரம். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். எனக்கு உடனே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. நல்லவேளை, எங்கள் தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரை அழைத்துப் போயிருந்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, பெயிண்டைத்தான் பார்த்தார். "பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் எதுக்கு தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, வெல்டிங் போட்ட இடமெல்லாம் நகத்தால் தடவிக்கொண்டே போனார். சீட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் நகம் மாட்டியது. பெயிண்டுக்கு அடியில் மயிரிழை மாதிரி விரிசல்! பாரம் முழுவதும் இறங்குகிற இடம் அது. ஓடும்போது விட்டுப் போனால் என்ன கதி? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் நாலு மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு குயிலாப்பாளையத்தில் ஒரு பிரெஞ்சு அம்மா ஊருக்குத் திரும்புகிறார் என்று தகவல் வந்தது. எழுபது வயதிருக்கும், நம் தமிழ் நன்றாகவே பேசினார். அவருடையது முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இந்த வகையில் உட்காரும் இடம் தரைக்கு ஒரு சாண் உயரம்தான், கொஞ்சம் கூட இருக்கலாம். மணையில் உட்காருகிற மாதிரி. இதைக் கவனியுங்கள்: உயரமாக நிமிர்ந்து உட்காரும் மூன்று சக்கர சைக்கிள் வேகமாகத் திருப்பினால் கவிழும். பாரம் மேலே இருப்பதால் அப்படி. இது தாழ்வு, முன்னால் அகலம், அதனால் லேசில் கவிழாது. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மணையில் இருந்து எழுந்திருக்கிற கஷ்டம் உண்டு. அவர்களுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வகையில் சீட் சற்று உயரமாக இருக்கும். வாங்குவதற்கு முன் பத்து தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். விற்கிறவர் என்ன நினைப்பார் என்று கூச்சப்படாதீர்கள். எழுந்திருக்கும்போது வண்டி முன்னால் நழுவும், பிரேக்கைப் பிடித்தபடிதான் எழ வேண்டும். பிரேக் பிடியில் ஒரு கெட்டி ரப்பர் பேண்டை மாட்டிவிட்டால் நிற்கும்.

பெரியவர் அங்கே ஒரு மணி நேரம் வண்டியைப் புரட்டினார். முதலில் வெல்டிங். சரி. பிறகு என்னை உட்கார வைத்து, முன் சக்கரத்தின் மேல் பக்கத்தைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தால் திருப்புகிற மூட்டு தேய்ந்துவிட்டதாம். கொஞ்சம் ஆடியது, இறுக்கினால் போதும் என்றார். முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மட்டும் வழுக்கையாக இருந்தது. "சக்கரம் ரெண்டும் நேரா ஓடலை, இழுத்துக்கிட்டு ஓடியிருக்கு" என்றார். குறுக்குக் கம்பியின் முனையைத் திருகி நேராக்கிவிடலாம். பிரேக் இரண்டும் முன் சக்கரத்துக்குத்தான், கைக்கு ஒன்று. ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அதனால் இரண்டும் சமமாகப் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

செயின்தான் ஆச்சரியம். காலுக்கு முன்னால் தொடங்கி முதுகுக்குப் பின்னால் வரை போகிறதே, சாதாரண சைக்கிள் செயின் மூன்றை ஒட்டினால்தான் போதும். வழியில் சீட்டுக்கு அடியில் அதைத் தாங்க ஒரு உருளை உண்டு. அதன் பல் மொட்டையாகி இருந்தது. கடல் காற்று வேறு. எங்கள் ஊரில் இரும்பை உப்பு அரிக்காத வீடு எது? போல்ட் தலைகள் துருவேறிக் கிடந்தன. டயர் ஓரத்தில் 406 என்று எண் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அது பிள்ளைகள் ஓட்டும் 20 இன்ச் சைக்கிள் டயர் அளவு, இங்கேயே கிடைக்கும். வேறு அளவாக இருந்தால் ஒவ்வொரு டயருக்கும் நான் பிரான்சுக்கல்லவா சொல்லி அனுப்ப வேண்டும்!

அந்த அம்மா 65,000 சொன்னார். பெரியவர் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல நான் பேரம் பேசி 52,000க்கு முடித்தேன். தாளில் வண்டியின் எண்ணை எழுதி, விற்றதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ரிப்பேர் 7,400. குட்டி யானை வண்டி வாடகை 1,500. மொத்தம் 60,900. சமையல் மேடைக்கு கிரானைட் போட என்று மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம் போச்சு. "பத்து மாச ஆட்டோ காசு" என்று சொன்னது நானல்ல, என்னவர். ஆனால் சிரிக்காமல் சொன்னார். அதோடு நாலு நாள் பேச்சில்லை. என்னைக் கலந்து பேசாமல் விலை முடித்துவிட்டாளே என்ற கோபம்.

வாங்குவதற்கு முன் நான் செய்யாத ஒன்று: வாசல் கதவை அளக்கவில்லை. வண்டி 32 அங்குல அகலம், எங்கள் வாசல் 30. அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே கொண்டு போனோம். தினமும் அப்படித்தான். இருபது கிலோ இருக்கும், பழகிவிட்டது.

இன்னொன்று ரொம்ப முக்கியம். காலை முன்னால் நீட்டி மிதிப்பதால், கால் பெடலில் இருந்து நழுவித் தரையில் பட்டால் வண்டி அதன் மேலேயே ஏறி காலை அடியில் இழுத்துவிடும். எலும்பு முறியும். அதனால் குதிகாலைத் தாங்குகிற கிண்ணமோ வாரோ உள்ள பெடல் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். புடவையும் உதவாது. காற்றில் மேலே எழும்பும், தலைப்பு சக்கரத்துக்குள் போகும். 56 வயதில் முதன்முறையாகச் சுடிதார் போட்டேன். துப்பட்டா கிடையாது. மகன் வாயடைத்துப் போனான்!

ரோட்டில் தாழ்வாக இருப்பதால் பஸ்காரர் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஆறடிக் கம்பில் பழைய ஆரஞ்சு ரவிக்கைத் துணியைக் கொடியாகக் கட்டியிருக்கிறேன். பெரிய ரோட்டை விட்டு உள் தெரு வழியாகவே போவேன். கஷ்டங்களையும் சொல்ல வேண்டுமல்லவா? பஸ் புகை நேரே முகத்துக்கு வரும். வேகத்தடையில் அடி தட்டும். மழைத் தண்ணீர் நின்றால் அன்று ஆட்டோதான். எல்லாவற்றுக்கும் மேல் தெரு நாய்கள். சைக்கிளில் போகும்போது நாய் காலைப் பார்த்துக் குரைக்கும். இதில் அதுவும் நானும் முகத்துக்கு முகம்!

முதல் நாள் கேரியரோடு முதலியார்பேட்டை போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். நான் பயந்துகொண்டே நின்றேன். "பூஸ் பூஸ் வண்டி!" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே ஓடியது. பிரெஞ்சில் பூஸ் என்றால் தள்ளு என்று அர்த்தம். துரை முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார், ஆள் பின்னால் இருந்து தள்ளுவான். பாரதி பூங்கா பக்கம் உள்ள அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. 1954ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தபோது அம்மா சின்னப் பெண். "எங்கப்பா அதுல உக்கார விடமாட்டாரு. தள்ளறவன் மூச்சு வாங்கறதைப் பாத்துட்டு என்னடீ உக்காருறதுன்னு திட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து பார்த்தார். "இதுல தள்ற ஆள் யாரு?" "நான்தாம்மா." அன்று இரண்டு கரண்டி சாதம் கூடச் சாப்பிட்டார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மழை நாள் தவிர தினமும் போகிறேன். மகன் போன வாரம் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து தானே மாட்டினான்.

இந்த வண்டியில் ஓட்டுகிறவரின் கால் நீளத்துக்கு ஏற்றபடி முன் பெடல் தண்டை நகர்த்தி இறுக்க வேண்டும். பெரியவர் எனக்கு அளவு வைத்து, மறக்காமல் இருக்க நீலப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுத் தந்திருக்கிறார். நேற்றுக் காலை உட்கார்ந்தால் பெடல் கால் எட்டவில்லை. குனிந்து பார்த்தேன். தண்டு கோட்டைத் தாண்டி மூன்று விரற்கடை வெளியே நீண்டிருந்தது. என்னவர் திண்ணையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னை விட அரையடி உயரம்.

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.